பேரண்ட்ஸ் மீட்டிங்: டீச்சருங்களும் பெத்தவங்களும் எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

மொதல்ல, நீங்க யாரு?

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துல அரசு நடுநிலைப் பள்ளி டீச்சர். 19 வருஷ சர்வீஸ். எனக்கு ரெண்டு புள்ளைங்க, அதுல ஒண்ணு பிரைவேட்ல படிக்குது (அரசுப் பள்ளி டீச்சர் புள்ள பிரைவேட்லயானு கேக்காதீங்க, கேக்க வேண்டிய கேள்விதான், பதில் சொல்ல ஆரம்பிச்சா எங்க வீட்டுல சண்டைதான் வரும்). அதனால மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், அந்தப் பக்கம் நின்னும் இருக்கேன். உக்காந்திருக்கேன், நின்னிருக்கேன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன், ஏன்னு கீழ புரியும்.

மீட்டிங்னு சொன்னா ஏன் பத்து பேருக்கு மேல வர்றதில்ல? இவங்களுக்கு புள்ளைங்க மேல அக்கறையே இல்லயா?

ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சொல்றது இதுதான். நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிக்கினு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் எங்க அஞ்சாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணோட அம்மாவ ரோட்டுல பாத்து "ஏம்மா வரல"னு கேட்டேன். அந்தம்மா திருப்பி என்ன ஒண்ணு கேட்டாங்க. "நீங்க மூணு மணிக்கு வரச் சொல்றீங்க மிஸ்ஸு, அந்நேரத்துக்கு நான் கட்டு கட்டி பீடி மண்டிக்கு கொண்டும்போவணுமே, உங்களுக்குத் தெரியாதா?" எனக்கு நெஜமாவே தெரியாது. எங்க ஊர்ல பாதி வீட்டுல பீடி சுத்துறாங்க, கூலி ஆயிரத்துக்கு இவ்ளோனு கணக்கு, ஆயிரம் முடியலனா அன்னைக்கு காசு கொறயும். இது தெரியாமயே நான் அங்க பல வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்.

அன்னைக்கு சாயங்காலம் ஒரு நோட்டுல எங்க பள்ளிக்கூடத்து வீடுங்க எல்லாத்தையும் எழுதி, அம்மா என்ன வேலை, அப்பா என்ன வேலை, எந்த நேரம் வீட்டுல இருப்பாங்கனு புள்ளைங்ககிட்டயே கேட்டு நிரப்புனேன். பீடி. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்கு போறவங்க, அவங்களுக்கு காலையில இருட்டோட கம்பெனி பஸ் வந்துரும், திரும்பி வர்றதுக்குள்ள விளக்கு வெச்சிடுவாங்க. கைலி தறி. நூறுநாள் வேலை, அதுல காலையில ஒரு போட்டோ மதியத்துக்கு மேல ஒரு போட்டோ எடுத்தாத்தான் அட்டெண்டன்ஸ், நடுவுல எழுந்து வந்தா அன்னைக்கு கூலி அவ்ளோதான். செங்கல் சூளைக்கு குடும்பத்தோட போனவங்க நாலு வீடு. இந்த நோட்ட பாத்தப்புறம் வெள்ளிக்கிழமை மூணு மணி மீட்டிங்குக்கு பத்து பேர் வந்ததே பெரிய விஷயம்னு தோணுச்சு.

அப்ப எத்தன மணிக்கு வெக்கிறது?

அந்த நோட்டு எழுதாம யாராலயும் சொல்ல முடியாது. எங்க ஊருக்கு ராத்திரி ஏழு மணி, அதுவும் பள்ளிக்கூடத்துல இல்ல, மாரியம்மன் கோவில் முன்னாடி தெருவிளக்கு வெளிச்சத்துல, ஒரு தெருவுக்கு ஒரு நாள். பஸ் புடிச்சு போற டீச்சருங்களுக்கு இது கஷ்டம்தான், ஒத்துக்கறேன், நாங்க மூணு பேர் முறை வெச்சு பண்றோம், மாசத்துக்கு ஒரு ராத்திரிக்கு மேல யாருக்கும் வர்றதில்ல. ரம்ஜான் மாசத்துல சாயங்கால மீட்டிங்கே வேணாம், நோன்பு தொறக்குற நேரம். ஆடிக் கிருத்திகை அன்னைக்கு வெச்சுட்டு யாரும் வரலனு அழாதீங்க, பாதி ஊரு காவடி எடுத்துக்கினு போயிருக்கும்.

இன்னொண்ணு, வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வெளியூர் போனவங்கல்லாம் குடியாத்தம் வந்து சேருவாங்க. லீவு நேரம்தான், ஆனா சூளைக்கு, பெங்களூருக்கு போன அப்பா அம்மாவ நேர்ல பாக்கணும்னா எங்களுக்கு வருஷத்துல கெடைக்குற ஒரே சான்ஸ் அது. அட்மிஷன் பேச்சும் அதோட முடிஞ்சுரும்.

வர்றாங்க, ஆனா வாயத் தொறக்கமாட்டேங்குறாங்களே, சுவரோரமா நின்னுட்டு கையெழுத்து போட்டுட்டு போயிடறாங்க?

நிக்க வெச்சா அப்படித்தான். எங்கள எப்ப கூப்பிடுவாங்கனு யோசிச்சு பாருங்க. புள்ள ஃபெயிலு, புள்ள சண்டை போட்டான், காசு கட்டணும், இல்ல ஏதோ ஃபாரத்துல கையெழுத்து வேணும். "எங்கள"னு பெத்தவளா சொல்றேன். என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல இருந்து போன் வந்தா எனக்கே வயிறு கலங்குது, நானே டீச்சர். அப்ப எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு எப்படி இருக்கும்.

அதுலயும் அந்த ரெஜிஸ்டர். கைநாட்டு வெக்கிறவங்களுக்கு அது முன்னாடி நிக்கிறதே ஒரு அவமானம், தன் புள்ள பாத்துக்கினு இருக்க மையத் தொட்டு வெக்கணும். அதுக்கு பயந்தே வராம இருக்குறவங்க உண்டு, எங்கிட்ட ஒருத்தர் நேராவே சொன்னாங்க. இப்ப நாங்க மீட்டிங் முடிஞ்சப்புறம், தனியா, ஒவ்வொருத்தர்கிட்டயா போயி வாங்குறோம். கையெழுத்துக்கு மீட்டிங்னு இருந்தத மாத்துனதுல பாதி பிரச்சனை போச்சு.

மீதிப் பாதிக்கு, மொதல் போன் நல்ல சேதியா இருக்கட்டும். ஜூன் மாசத்துலயே, தப்பு எதுவும் நடக்குறதுக்கு முன்னாடி. "உங்க பையன் இன்னைக்கு இன்னொரு புள்ளைக்கு வகுத்தல் சொல்லிக்குடுத்தான்கா", அவ்ளோதான், ஒரு நிமிஷம். ஒருத்தர் போன்ல "அப்புறம் இன்னா பண்ணான் சொல்லுங்க மிஸ்ஸு"னு காத்துக்கினே இருந்தாரு, ஒண்ணுமில்லப்பா அவ்ளோதான்னு நான் சொல்லியும் நம்பல. அதே அப்பா ஆகஸ்ட்ல பையன் கட் அடிச்சப்ப கூப்பிட்டேன், சைக்கிள மிதிச்சுக்கினு வந்துட்டாரு.

மீட்டிங்குல என்னதான் பேசுறது? சுத்தம், ஒழுக்கம், தினமும் அனுப்புங்க, அத தாண்டி?

அத வுட்டுருங்க, அது அவங்களுக்குத் தெரியும். கைக்கு ஏதாவது குடுங்க. எட்டாங் கிளாஸ் புள்ளைங்களுக்கு என்.எம்.எம்.எஸ்.னு மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருக்கு, பாஸ் பண்ணி லிஸ்ட்ல வந்தா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல இப்பவே எழுதிக் குடுத்துடுங்க, கடைசி வாரத்துல ஓடாதீங்க. பீடித் தொழிலாளர் புள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் துறை ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும், அம்மாவோட பீடி கார்டு பத்திரமா இருக்கானு பாருங்க. பொண்ணு ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சுட்டு காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், அது 2022ல இருந்து. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024ல வந்துருச்சு. டாக்டர் சீட்ல அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கீடு 2020ல இருந்து. இத ஒரு அம்மாவுக்கு அஞ்சாங் கிளாஸ்லயே சொன்னா, ஆறாங் கிளாஸுக்கு எங்க சேக்கலாம்னு யோசிக்கிறப்ப அவங்களுக்கு இது ஞாபகம் வரும்.

அப்புறம் கேளுங்க. நான் கேக்குறது ஒரே கேள்வி, "உங்க புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுங்க." ஒரு அம்மா சொன்னாங்க, "ராத்திரி லைட்ட அணைச்சா அவன் கத்துவான் மிஸ்ஸு, அவங்க அப்பா செத்ததுல இருந்து." அந்தப் பையன் காலையில மொத பீரியட்ல தூங்குறான்னு நான் ரெண்டு மாசமா திட்டிக்கினு இருந்தேன்.

எஸ்.எம்.சி.னா என்ன, அது பெற்றோர் ஆசிரியர் கழகம் இல்லயா?

வேற. பெற்றோர் ஆசிரியர் கழகம் ரொம்ப பழசு. பள்ளி மேலாண்மைக் குழு, அதான் எஸ்.எம்.சி., 2009 கல்வி உரிமைச் சட்டம் 21வது பிரிவுல வந்தது. உறுப்பினர்ல நாலுல மூணு பங்கு பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பொம்பளைங்க. நம்ம மாநிலத்துல 2022 மார்ச் 20 ஞாயித்துக்கிழமை எல்லா அரசுப் பள்ளியிலயும் ஒரே நாள்ல பெத்தவங்கள கூப்பிட்டு இத பத்தி சொன்னாங்க, அப்புறம் 20 பேர் கொண்ட குழுவா புதுசா அமைச்சாங்க, 2024ல முன்னாள் மாணவர்களையும் சேத்து 24 பேர். தலைவர் பெத்தவங்கள்ல ஒருத்தர், ஹெச்.எம். இல்ல. இத மூணு தடவ சத்தமா சொல்லணும்போல இருக்கு.

பள்ளி எப்படி நடக்குதுனு பாக்குறது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுறது, வந்த பணம் எங்க போச்சுனு கேக்குறது, இதெல்லாம் அவங்க வேலை. சட்டத்துலயே இருக்கு.

நான் எஸ்.எம்.சி. மெம்பர். ஆனா ஹெச்.எம். தீர்மானத்த எழுதி வெச்சுட்டு கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடறாரு. நான் என்ன பண்ணட்டும்?

அக்கா, இந்தக் கேள்விய நிறைய பேர் மெதுவா, யாராவது கேக்குறாங்களானு திரும்பிப் பாத்துட்டு கேக்குறாங்க. மொதல்ல ஒண்ணு, படிச்சுக் காட்டச் சொல்லுங்க. "கண்ணாடி எடுத்துட்டு வரல சார், என்ன எழுதியிருக்குனு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கொஞ்சம் படிங்க." சண்டையும் இல்ல சச்சரவும் இல்ல, ஆனா சத்தமா படிச்சுட்டா அதுல இல்லாதது எதுனு கூட இருக்குறவங்களுக்கு தெரிஞ்சுரும். நான் வேலை பாத்த ஒரு பள்ளியில (எதுனு சொல்லமாட்டேன்) ஒரு அம்மா இப்படி கேட்டப்புறம்தான், பொண்ணுங்க டாய்லெட்டுக்கு தண்ணி இல்லங்கறது மொத தடவ தீர்மானத்துல ஏறுச்சு. அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க மதியத்துக்கு மேல தண்ணியே குடிக்காம இருந்திருக்கு.

தீர்மானம் போட்டும் நடக்கலனா கிராம சபையில எழுந்து கேக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்ப மார்ச் 22, நவம்பர் 1 கூட சேந்திருக்கு. தனியா போகாதீங்க, நாலு மெம்பரா போங்க. கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417 இருக்கு.

ஹெச்.எம்.களுக்கும் ஒரு வார்த்தை. இவங்கள எதிரியா பாக்காதீங்க. நீங்க பத்து லெட்டர் போட்டும் வராத காம்பவுண்ட் சுவரு, இருபது அம்மாங்க போயி நின்னா வரும்.

எனக்கு படிப்பே வராது. நான் வீட்டுல எப்படி சொல்லிக்குடுப்பேன்?

சொல்லிக்குடுக்கவே வேணாம்! இது என்னோட சொந்த ஆறுதல் பேச்சு இல்ல. 2009ல நான்சி ஹில், டயானா டைசன்னு அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, நடுநிலைப் பள்ளி வயசு புள்ளைங்கள பத்தி வந்திருந்த 50 ஆய்வுகள ஒண்ணா போட்டுப் பாத்தாங்க. பெத்தவங்க ஈடுபட்டா புள்ள படிப்பு நல்லா இருக்குனு தெரிஞ்சுது, ஆனா ஹோம்வொர்க்குல உக்காந்து உதவி பண்றதுக்கு மட்டும் அப்படி பலன் தெரியல. இருக்குறதுலயே ஜாஸ்தி பலன் எதுக்குனா, படிப்பு எதுக்குனு பேசுறது, மேல என்ன ஆகப்போறனு கேக்குறது, உன்னால முடியும்னு எதிர்பாக்குறது, இந்த மாதிரி பேச்சுக்குத்தான். அமெரிக்கா புள்ளைங்க கணக்கு அது, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னு சத்தியம் பண்ணமாட்டேன், ஆனா நான் பாத்ததும் அதுக்கு மாறா இல்ல.

பீடி சுத்துற அம்மா பக்கத்துல புள்ளய உக்கார வெச்சு, "நீ சத்தமா படி, நான் கேக்குறேன்"னு சொன்னா போதும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், காது சும்மாதான இருக்கு. தப்பா படிக்குதானு உங்களுக்குத் தெரிய வேணாம், அத நாங்க பாத்துக்கறோம். நின்னு நின்னு படிக்குதா, சரளமா போகுதா, அது எழுத்து தெரியாத காதுக்கும் கேக்கும். "என்னம்மா இன்னைக்கு எட்டு தடவ நின்னா"னு ஒரு அம்மா எங்கிட்ட வந்து சொன்னாங்க, நாங்க மூணு டெஸ்ட் வெச்சு கண்டுபுடிச்சதும் அதேதான்.

கணக்குக்கு, ஐயோ, எங்க அம்மாங்கள மிஞ்ச ஆளே இல்ல. இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு எத்தன கட்டுனு நாலாங் கிளாஸ் புள்ளைங்க முழிக்குது, அவங்க அம்மா இலைய நறுக்கிக்கினே நாப்பதுனு சொல்லிடுறாங்க. ஒரு நாள் ஒரு தறிக்கார அப்பாவ கிளாஸுக்கு கூப்பிட்டு கைலிக் கட்டம் எப்படி வருது, எத்தன இழைக்கு எத்தன கலரு மாறும்னு சொல்ல வெச்சோம். வாய்ப்பாடு தெரியாத பையன் ஒருத்தன் அன்னைக்கு மொத தடவையா கை தூக்குனான், அவன் அந்த தறி வீட்டுப் பையன். (புள்ளைங்கள பீடி சுத்த வெக்கிறதுக்கு இத சாக்கா யாரும் எடுத்துக்காதீங்க, புஸ்தகம் புள்ள கையில, இலை அம்மா கையில.)

வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கோமே, அது போதாதா?

போதாது. போன் அப்பாகிட்ட இருக்கும், அப்பா கம்பெனியில இருப்பாரு. குட்மார்னிங் பூவு முப்பது வரும், அதுக்குள்ள பரீட்சை தேதி புதைஞ்சுரும். எழுத்தா போடாதீங்க, வாய்ஸ் மெசேஜ் போடுங்க, அரை நிமிஷத்துக்குள்ள. எந்தப் புள்ளையோட மார்க்கையும் குரூப்ல போடவே போடாதீங்க, என் பொண்ணு மார்க்க ஒரு தடவ அப்படி போட்டாங்க, அவ ரெண்டு நாள் சாப்பிடல.

"கண்ண மட்டும் உட்டுட்டு தோல உரிச்சிடுங்க"னு சொல்ற அப்பாவ என்ன பண்றது?

சிரிச்சுட்டு உக்கார வெச்சு ஒரு டீ குடுங்க. அந்தக் காலத்துல அவருக்கு பள்ளிக்கூடம்னா அதுதான். அடிக்கக் கூடாதுனு கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு சொல்லுதுனு எடுத்த எடுப்புல சொன்னா அவருக்கு ஏறாது. "நீங்க அடி வாங்குனப்ப எந்தப் பாடம் ஏறுச்சு"னு கேட்டேன் ஒருத்தர்கிட்ட. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் ஆறாவதோட நின்னுட்டேன் மிஸ்ஸு, அந்த அடிக்கு பயந்துதான்"னாரு. அதுக்கப்புறம் நான் சட்டம் பேச வேண்டி இருக்கல.

அப்பாங்கள எப்படி வர வெக்கிறது?

வேலை குடுங்க. "வந்து உக்காந்து கேளுங்க"னா வரமாட்டாங்க, "பெஞ்சுக்கு கால் ஒடிஞ்சிருக்கு"னா ஆணி சுத்தியலோட வருவாங்க. பெஞ்ச ரிப்பேர் பண்ணிக்கினே பேசுற பேச்சுதான் பேரண்ட்ஸ் மீட்டிங்.

வீட்டுல உருது, தெலுங்கு பேசுறவங்ககிட்ட எப்படி?

நம்ம பக்கம் இது இல்லாத ஊரு இல்ல, பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது, ஆந்திரா பார்டர் ஓரம் தெலுங்கு. ரெண்டு வாக்கியம் கத்துக்கங்க, தப்பா பேசுங்க, அவங்க சிரிக்கட்டும், சிரிச்சா பேச ஆரம்பிச்சுருவாங்க. ஆனா புள்ளய மொழிபெயர்க்க வெக்காதீங்க. "உன் பையன் படிக்கவே மாட்டேங்குறான்"னு நான் சொன்னத ஒரு பையன் அவங்க அம்மாவுக்கு உருதுல ரொம்ப நேரம் சொன்னான், அந்தம்மா எனக்கு கையெடுத்து கும்பிட்டு சந்தோஷமா போனாங்க. என்ன சொன்னானோ படுபாவி.

மலையில இருக்குற பள்ளிக்கு இதெல்லாம் ஒத்து வருமா?

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை பக்கமெல்லாம் கதை வேற. ஜவ்வாது மலையில பெத்தவங்க வேலைக்காக மாசக்கணக்குல வெளிய போயிடறாங்க, புள்ள ஒண்ணு பாட்டிகிட்ட இருக்கும், இல்ல உண்டு உறைவிடப் பள்ளியில. அங்க பெற்றோர்னா பாட்டிதான், மீட்டிங்குக்கு "தாய் தந்தையர்"னு சீட்டு அனுப்பாதீங்க. பெத்தவங்க மலைய விட்டு இறங்குறதுக்கு முன்னாடி, எப்ப திரும்புவீங்க, எந்த நம்பர்ல பேசலாம், புள்ள காய்ச்சல்ல படுத்தா யார கூப்பிடணும்னு கேட்டு வெச்சுக்கிட்டாலே பெரிய விஷயம். நான் மலையில வேலை பாக்கல, அங்க பாக்குற ஃபிரெண்டு சொன்னத சொல்றேன்.

பிரைவேட் ஸ்கூல்ல கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்குறாங்களே?

அரசு உதவி வாங்காத பிரைவேட் பள்ளிக்கு எஸ்.எம்.சி. கட்டாயம் இல்ல, அதனால சட்டத்த காட்ட முடியாது. கூட்டமா எழுதிக் குடுத்தா கொஞ்சம் அசையும், தனியா கேட்டா உங்க புள்ளைக்குத்தான் பேரு கெடும். என் பொண்ணு ஸ்கூல்ல டோக்கன் போட்டு, வரிசையில நிக்க வெச்சு, நாலு நிமிஷத்துல ரேங்க் கார்ட நீட்டி "மேக்ஸ்ல கவனம் வேணும் மேடம்"னாங்க. என்ன கவனம்னு கேட்டேன், அடுத்த டோக்கன கூப்பிட்டாங்க. அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போதுதான், நான் எத்தன அம்மாவ இப்படி அனுப்பியிருப்பேன்னு எண்ணிக்கினே வந்தேன்.

பெத்தவங்க ரொம்ப உள்ள வந்துட்டா தொந்தரவு இல்லயா? சாதி, கட்சி எல்லாம் வருமே?

வரும். வந்திருக்கு. ஒரு தெருக்காரங்க மட்டும் பேசி இன்னொரு தெருக்காரங்க வாய மூடிக்கினு இருந்த மீட்டிங்க நானே நடத்தியிருக்கேன். தெருவுக்கு ஒரு நாள்னு மேல சொன்னேனே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா அப்படியே தனித்தனியா விட்டுடக் கூடாது, வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது எல்லாரும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி நாற்காலியில உக்காரணும். பாடம் எப்படி நடத்தணும்ங்கறதுல என் முடிவுதான். என் புள்ளைக்கு ஏன் வரலனு கேக்குறதுல அவங்க உரிமை.

இதுக்கெல்லாம் செலவு? டீ, நாற்காலி?

டீ நாங்க டீச்சருங்க பங்கு போட்டுக்கறோம், பிஸ்கட் கெடையாது. நாற்காலிக்குத்தான் மொதல்ல முழிச்சோம், பள்ளியில இருந்தது ஆறு, அதுல ரெண்டு ஆடும், பெரியவங்கள ஒண்ணாங் கிளாஸ் பெஞ்சுல உக்கார வெச்சா முட்டி தாடையில இடிக்கும். எங்க ஊர் பந்தல்காரரோட பேரன் மூணாங் கிளாஸ். அவர்கிட்ட போயி கேட்டேன், வாடகை வேணாம்னுட்டாரு, ஆனா "இன்னாத்துக்கு மிஸ்ஸு இருபது, பத்து பேருதான வருவாங்க"னு சிரிச்சாரு. இப்ப அவரே போன் பண்ணி கேக்குறாரு, அடுத்தது எப்போ, நாப்பது போதுமானு. போன தடவ அறுபது எறக்குனாரு. நாலு மிச்சம்.